பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. மூலதனம் அதிகம் வேண்டியதில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், மாதம் 15,000 ரூபாய் கிடைக்கும் என்று சொல்லும் இணையத்தளங்கள் இன்று பல இருக்கின்றன. அவற்றுள் எதை நம்புவது, எதை விடுவது என்னும் கேள்வியைச் சென்ற சில ஆண்டுகளாகப் பலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். கைக்குழந்தையை விட்டு வேலைக்குப் போக முடியாத இளந்தாய் ஒருவர் கேட்டார். கடைசி ஆண்டு படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவரும் கேட்டார். இம்மூவரையும் பேராசைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியருக்கு மருந்துச் செலவு. தாய்க்குத் தம் கையில் தம் பணமென்று கொஞ்சம் இருக்க வேண்டுமென்ற விருப்பம். மாணவருக்குத் தலைக்கு மேல் கல்விக் கடன். நியாயமான தேவை உள்ளவர்களே இத்தகைய அழைப்புகளுக்குப் பெரும்பாலும் செவி சாய்க்கிறார்கள். ஆதலால், ‘ஆசைப்படாதே’ என்று உபதேசம் செய்து நின்றுவிடாமல், ஆராய்ந்து பார்க்கும் வழியைச் சொல்வதே பயனுடையது என்று கருதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இணையத்தின் வழியே நேர்மையாகப் பொருள் ஈட்ட இயலாது என்று எண்ணுவது தவறு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கடல் கடந்து வாழும் குழந்தைகளுக்குக் கணக்கும் சங்கீதமும் கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அரைத்த பொடியையும் தறியில் நெய்த சேலையையும் இணையத்தில் விற்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் இலக்கணம் உண்டு. ஒருவருக்கு ஒரு பொருளோ உழைப்போ தேவைப்படுகிறது. அதைப் பெற்றுக்கொண்டு அவர் விலை தருகிறார். பணம் கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்பது வெட்ட வெளிச்சமாகத் தெரிகிறது. இடையே நிற்கும் தளம் தன் தரகைப் பெரும்பாலும் வந்த கூலியிலிருந்து பிடித்துக்கொள்கிறது. வேலை தேடுவோரிடம் சிறு கட்டணம் வாங்கும் நேர்மையான தளங்களும் சில உண்டு. ஆனால் அவை, ‘இவ்வளவு கட்டினால் இவ்வளவு வருமானம் நிச்சயம்’ என்று உறுதி கூறுவதில்லை.

இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு மற்றத் தளங்களை அளந்து பார்ப்போம். தளம் அழகாக இருக்கிறதா, பேசுகிறவர் மரியாதையாகப் பேசுகிறாரா என்பவையெல்லாம் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள். முதற்கேள்வி ஒன்றுதான்: எனக்குத் தரப்போகும் பணம் எங்கிருந்து வருகிறது? இதற்கு இரண்டு வாக்கியங்களில் நேரான விடை கிடைக்காவிட்டால், அந்தத் தளத்தில் காலடி வைக்காமல் இருப்பதே நலம்.

இதனை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குகிறேன். தில்லிக்கு அருகில் உள்ள நொய்டாவிலிருந்து ‘சோஷியல் டிரேட்’ என்னும் தளம் நடந்து வந்தது. 5,750 ரூபாய் முதல் 57,500 ரூபாய் வரை கட்டி உறுப்பினராக வேண்டும். பிறகு நாள்தோறும் திரையில் தோன்றும் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். தொட்டதற்கு ஒன்றுக்கு 5 ரூபாய் கூலி. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் உத்தரப் பிரதேசப் போலீசின் சிறப்புப் படை அந்நிறுவனத்தின் தலைவரைக் கைது செய்தது. சுமார் 6½ லட்சம் மக்களிடமிருந்து ஏறத்தாழ 3,700 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்று போலீசார் கூறினர். புதிதாகச் சேர்ந்தோர் கட்டிய பணமே முன்பு சேர்ந்தோருக்குக் கூலியாகப் போயிற்று என்பது குற்றச்சாட்டு.

இந்தத் தளத்தை முன்கூட்டியே ஆராய்ந்திருக்க முடியுமா? முடியும், அதற்குப் போலீஸ் வேண்டியதில்லை, கொஞ்சம் வியாபார அறிவே போதும். விளம்பரம் செய்கிறவர் எதற்காகப் பணம் செலவழிக்கிறார்? தம் சரக்கை வாங்கக்கூடியவர் கண்ணில் அது படவேண்டும் என்பதற்காக. கூலிக்காக விரலை அழுத்திவிட்டு அடுத்த இணைப்புக்குத் தாவுகிறவரால் சோப்பு வியாபாரிக்கு ஒரு கட்டி சோப்புக்கூட விற்பனையாகாது. பயனற்ற அந்த ஒரு தொடுதலுக்கு 5 ரூபாய் கொடுக்க எந்த வியாபாரி முன்வருவார்? அன்றியும், வேலை கொடுப்பவன் கூலி தருவான் என்பது உலக வழக்கம். கூலிக்காரனே முன்பணம் கட்டி வேலையில் சேர வேண்டும் என்றால், அங்கே சரக்கு விளம்பரம் அன்று; அவன் கட்டும் முன்பணமே சரக்கு.

இது இணையம் பிறந்த பிறகு தோன்றிய வித்தையும் அன்று. 1920ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய சார்லஸ் பான்ஸி என்பவர், 45 நாளில் நூற்றுக்கு 50 லாபம் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் வாங்கினார். ஒரு நாட்டில் வாங்கி மற்றொரு நாட்டில் தபால் தலையாக மாற்றிக்கொள்ளக்கூடிய சர்வதேசப் பதில் கூப்பன்களில் வியாபாரம் செய்வதாகக் காரணம் கூறினார். முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய நாணயங்கள் மதிப்புக் குன்றியிருந்தமையால், அங்கே மலிவாக வாங்கி இங்கே அதிக விலைக்கு மாற்றலாம் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. கேட்டபோதெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் கொடுத்தார். கூட்டம் அலைமோதியது. கிளாரன்ஸ் பாரன் என்னும் நிதித்துறைப் பத்திரிகையாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அவ்வளவு பணத்தையும் கூப்பன் வியாபாரத்தில் போட்டிருந்தால் 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையில் இருந்தவையோ ஏறக்குறைய 27,000 தாம். அந்த ஆகஸ்டு மாதத்திலேயே மாளிகை சரிந்தது. பான்ஸியின் புன்சிரிப்பையோ அலுவலகத்தின் ஆடம்பரத்தையோ பார்த்து இந்த உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அதை வெளிப்படுத்தியது.

இங்கே நேயர்களில் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். “நீங்கள் சொல்வது சரி, ஆனால் என் அத்தை மகனுக்கு உண்மையாகவே பணம் வந்திருக்கிறதே! வங்கிக் கணக்கைத் திறந்து காட்டினாரே!” என்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பணம் வந்தது உண்மை. இத்தகைய திட்டங்களில் முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வரத்தான் செய்யும். வந்தால்தானே அவர் பிறரை அழைப்பார்? பணம் வந்தது என்பது, அது வந்த வழிக்குச் சான்றாகாது. தூண்டிலில் கோத்திருப்பதும் உண்மையான புழுதான்.

ஆளுக்கு 5 பேரைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் திட்டத்தைச் சற்றுப் பெருக்கிப் பாருங்கள். முதற்படியில் 5 பேர், இரண்டாம் படியில் 25 பேர், மூன்றில் 125. ஐந்தாம் படியில் 3,125 பேர். இதுவரை ஒரு சிற்றூரின் அளவுதான். பத்தாம் படிக்கு வந்தால் 97 லட்சத்துக்கு மேல். பன்னிரண்டாம் படியில் 24 கோடியைத் தாண்டிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள் தொகையே 7 கோடியே 21 லட்சந்தான். பதின்மூன்றாம் படிக்கு 122 கோடிப் பேர் வேண்டும். அதே கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள் தொகை 121 கோடி. தொட்டில் குழந்தையைச் சேர்த்தாலும் ஆள் போதவில்லை! எனவே, இத்தகைய சங்கிலி அறுந்தே தீரும். அறுகின்ற சமயத்தில் கடைசிப் படியில் நிற்பவர்களே எண்ணிக்கையில் மிகுதி என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படிகள் அனைத்தையும் சேர்த்ததைவிடப் பெரியது அல்லவா?

வட்டியாகச் சொல்லப்படும் வருமானத்தையும் இப்படியே பெருக்கிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று என்பது காதுக்குச் சிறிதாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்த லாபத்தை எடுக்காமல் மேலும் மேலும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், 1,000 ரூபாய் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 37,800 ரூபாய் ஆகிவிடும். அப்படி ஒரு தொழில் உண்மையிலேயே கையில் இருப்பவர், நம்முடைய ஆயிரத்தையும் இரண்டாயிரத்தையும் தேடி ஏன் வரவேண்டும்? தம்மிடம் உள்ளதை இரண்டு மூன்று ஆண்டுகள் பேசாமல் வைத்திருந்தாலே அவர் குபேரன் ஆகிவிடுவாரே!

இனி, தளத்தின் புறத்தோற்றத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் சிறிய பூட்டுச் சின்னம் இருந்தால் அது பாதுகாப்பான தளம் என்று பலர் எண்ணுகிறார்கள். நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை வழியில் பிறர் படிக்க முடியாது என்பதே அந்தப் பூட்டின் பொருள். கடிதம் பூட்டிய பெட்டியில் போகிறது என்பதால், பெட்டியைப் பெற்றுக்கொள்பவன் யோக்கியன் ஆகிவிடமாட்டான். அதற்கான சான்றிதழ்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன, மோசக்காரனும் பெறலாம்.

முகவரியைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘டாட் காம்’ போன்ற ஈற்றுக்கு உடனே முன்னால் நிற்கும் சொல்லே அந்தத் தளத்தின் உண்மைப் பெயர். அதற்கும் இடப்பக்கத்தில் எந்தப் பெரிய வங்கியின் பெயரையும் எவரும் ஒட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டின் வாசலில் ‘அரண்மனை’ என்று பலகை மாட்டுவதைப் போன்றது அது.

பெயரின் வயதையும் பார்க்கலாம். இணையப் பெயர்கள் யாவும் பதிவேட்டில் பதிவாகின்றன; அவற்றைத் தேடித் தரும் தளங்கள் உண்டு. 2018ஆம் ஆண்டுக்குப் பிறகு உரிமையாளரின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கிறது. ஆயினும் பதிவான நாள் பொதுவாகத் தெரியும். ‘பதினைந்து ஆண்டு அனுபவம்’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் தளம் நான்கு மாதத்துக்கு முன்பு பதிவானது என்றால், மேற்கொண்டு ஆராய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பழைய பெயர் என்பதனாலேயே நல்ல தளம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பழைய பெயர்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

“எங்கள் நிறுவனம் மத்திய அரசில் பதிவு பெற்றது” என்று சான்றிதழைக் காட்டுவார்கள். கம்பெனிப் பதிவாளர் தரும் சான்றிதழ், அப்படி ஒரு நிறுவனம் பிறந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் நற்சான்றிதழ் ஆகாது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கவும், முதலீட்டு ஆலோசனை கூறவும் தனித்தனி அனுமதி வேண்டும். இவற்றை ரிசர்வ் வங்கியும் செபி அமைப்பும் கண்காணிக்கின்றன. அனுமதி பெற்றவர்களின் பெயர்களை அவற்றின் தளங்களிலேயே தேடிப் பார்க்கலாம். சட்டவிரோதமாக வைப்புத்தொகை வாங்குவோரைப் பற்றி விசாரிக்கவும் புகார் கொடுக்கவும் ‘சச்சேத்’ என்னும் தளத்தை ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டில் தொடங்கியது.

அண்மைக் காலத்தில் பரவியுள்ள மற்றொரு முறையையும் குறிப்பிட வேண்டும். அறிமுகமற்ற ஒருவர் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ செய்தி அனுப்புகிறார். மூன்று காணொளிகளை விரும்புவதாகக் குறியிட்டால் 150 ரூபாய் என்கிறார். செய்தவுடனே பணமும் வந்துவிடுகிறது. மறுநாள், 1,000 ரூபாய் கட்டினால் 1,300 ஆகத் திரும்பும் ‘சிறப்புப் பணி’. அதுவும் திரும்புகிறது. பிறகு 10,000, பிறகு 50,000. இப்போது பணம் கைக்கு வருவதில்லை. திரையில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போகிறது. குழுவில் இருக்கும் மற்றவர்கள் எல்லோரும் தமக்கு வந்துவிட்டதாக எழுதுகிறார்கள். அவர்களில் பலர் அந்தக் கூட்டத்தின் ஆட்களே. பணத்தை எடுக்க முனைந்தால், வரியாக இன்னும் 30,000 கட்ட வேண்டும் என்கிறார்கள். இந்த இடத்தில் ஓர் உறுதியான விதியை மனத்தில் கொள்ளலாம். வரி பிடிக்க வேண்டிய நியாயமான நிறுவனம், தரவேண்டிய தொகையிலிருந்தே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும். நம் பணத்தை நாம் பெறுவதற்கு மேலும் பணம் கேட்பவர், ஒருநாளும் அதைத் தரப்போவதில்லை. அவ்வாறே, யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. எண்ணைக் கேட்டால், பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அபாயமானது ஒன்றுண்டு. “உங்கள் வங்கிக் கணக்கை எங்களுக்குச் சில நாள் கொடுங்கள், வரும் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள், நூற்றுக்கு இரண்டு உங்களுக்கு” என்பார்கள். இங்கே உழைப்பும் இல்லை, முன்பணமும் இல்லை. ஆகவே நட்டமும் இல்லை என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் வந்து விழுவது மற்றொரு குடும்பத்திடமிருந்து பறித்த பணம். புலனாய்வு செய்வோர் பணத்தின் தடத்தைப் பின்பற்றி வரும்போது முதலில் தட்டுவது கணக்குக்கு உரியவரின் வீட்டுக் கதவைத்தான். ஏமாந்தவராக அன்று, உடந்தையானவராக அவர் நிற்க வேண்டி வரும்.

தடுப்பதற்குச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1978ஆம் ஆண்டிலேயே வந்தது. வைப்பீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் பணம் போன பிறகே வந்து சேர்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் காலம் கடத்தாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பறிபோன பணம் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு விரைந்து பாய்ந்துவிடும். இடையில் எங்கேனும் அது தங்கியிருக்கும்போதே முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. மணிக்கணக்கில் செய்யவேண்டியதை நாட்கணக்கில் தள்ளிப்போடுவதே பெரிய நட்டம். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்டு ஒரு கூட்டம் பிறகு வரும். அது பெரும்பாலும் முதற்கூட்டத்தின் தம்பியாகவே இருக்கும்.

ஏன் மக்கள் காலம் தாழ்த்துகிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. காரணம் வெட்கந்தான். அதைவிட ஆழமான காரணமும் ஒன்று இருக்கிறது. இந்தத் திட்டங்கள் முன்பின் அறியாதவர் மூலம் பரவுவதைவிட, உறவின் மூலமே மிகுதியாகப் பரவுகின்றன. அண்ணன் தங்கையைச் சேர்க்கிறான். தங்கை தன் நாத்தனாரைச் சேர்க்கிறாள். ஆசிரியர் தம் பழைய மாணவரைச் சேர்க்கிறார். யாரும் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. தமக்குக் கிடைத்த நன்மை தம்மவருக்கும் கிடைக்கட்டும் என்றே அழைக்கிறார்கள். திட்டம் சரியும்போது பணம் மட்டும் போவதில்லை. தங்கை அண்ணன் வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. மாணவர் ஆசிரியரைத் தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுகிறார். 2024ஆம் ஆண்டு ஜனவரியில், விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன ஒரு நிறுவனத்தின் மீது வழக்கு எழுந்தபோது, ஆயிரக்கணக்கானோர் கோயம்புத்தூரில் அதற்கு ஆதரவாகத் திரண்டார்கள். வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்கு உரியது. அதைப் பற்றி நான் பேசவில்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் எண்ணிப் பார்க்கிறேன். தாம் போட்ட பணத்துக்காக மட்டும் அவர்கள் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தம் சொல்லை நம்பிப் பணம் போட்ட உறவினர் முகத்தில் நாளை எப்படி விழிப்பது என்ற அச்சமும் அவர்களில் பலரை அங்கே அழைத்து வந்திருக்கக்கூடும்.

ஆகையால், தளத்தை ஆராய்வது நம் பணத்தைக் காப்பதற்காக மட்டும் அன்று. நம் சொல்லுக்கு நம்மவரிடையே இருக்கும் மதிப்பைக் காப்பதற்காகவும் ஆகும். ஒருவரை அழைக்குமுன், ‘இவர் பணம் போய்விட்டால் என் கைப்பணத்திலிருந்து கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேனா?’ என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்வது நல்லது. ‘இல்லை’ என்று விடை வந்தால் அழைக்கக் கூடாது. நம்மை ஒருவர் அழைக்கும்போது, அவர் மனம் புண்படாமல் இப்படிச் சொல்லலாம்: “உங்களை நம்புகிறேன், அண்ணா, ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியவில்லையே. அது தெரிந்த பிறகு பேசுவோம்.”

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் அவன்மேல் ஐயம் கொள்வதும் ஆகிய இரண்டும் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. எல்லாவற்றையும் சந்தேகித்துக்கொண்டே வாழ முடியாது. எல்லாவற்றையும் நம்பிக்கொண்டும் வாழ முடியாது. ஆராய்ச்சி முதலில், நம்பிக்கை பிறகு என்னும் வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும். அரை மணி நேரத்தில் பணம் தருவதாகச் சொல்லும் தளத்துக்கு, அதே அரை மணி நேரத்தை ஆராய்ச்சிக்காகச் செலவிடுங்கள். அந்த உழைப்புக்குக் கூலி நிச்சயமாகக் கிடைக்கும். கையில் இருக்கும் பணம் கையிலேயே இருக்கும்.